திரியும் குழாயும்

மாஸ், லிவர்வர்ட் செடிகளின் உடலமைப்பு குறித்துப் பெங்களூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஆண்டுக்கு ஒருமுறை அறிவியல் பொருள் ஒன்றைத் தமிழில் பேசவைப்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் என்ற முறையில் என்னை அழைத்தீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், நாம் தினமும் கடந்துபோகும் சுவரில் இருக்கிறது.

இந்த ஆண்டு மே மாதக் கடைசியில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர், சுவரின் அடிப்பகுதியைக் காட்டி, "பாசி நெறைய ஏறியிருக்கு சார். எல்லாம் காஞ்சு செத்துப்போச்சு. ரெண்டு இழுப்பு இழுத்தா உதிர்ந்துடும்" என்றார். உண்மையில் அது காபித்தூள் நிறத்தில் கருகித்தான் கிடந்தது. "ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்று சொல்லி, குவளைத் தண்ணீரைக் கையில் அள்ளித் தெளித்தேன். என் பையிலிருந்த பத்து மடங்கு கைலென்ஸை அவரிடம் கொடுத்துக் குனிந்து பார்க்கச் சொன்னேன். வெற்றிலைச் சுருள்போல உள்நோக்கிச் சுருண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. பழுப்பு பச்சையானது. நிமிர்ந்தவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செத்ததுன்னு நெனச்சேன் சார். தூங்கிட்டுத்தான் இருந்திருக்கு" என்றார். சுரண்டத் தொடங்கும் முன் அவராகவே கேட்டார்: "இந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுடட்டுமா?"

அந்த ஒரு முழச் சுவரில் இருப்பது என்ன, அதன் உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

ஒரு சொல், பல உயிர்கள்

தமிழில் பாசி என்ற ஒரே சொல்லைப் பல உயிர்களுக்கு வைத்திருக்கிறோம். குளத்தில் மிதப்பதும் பாசி, மொட்டைமாடியில் வழுக்குவதும் பாசி, கிணற்றின் உட்சுவரில் மெத்தையாகப் படர்வதும் பாசி. கன்னடத்தில் இதைப் பாச்சி என்கிறார்கள். அங்கும் இதே கலப்புதான். குறுந்தொகையில் பரணர் பசலைக்கு உவமையாக்கிய பாசி, ஊருணி நீரில் படர்வது. அதற்குத் தண்டும் இலையும் கிடையாது. மாடியில் காலை வாரிவிடுவதும் பெரும்பாலும் நீலப்பசும்பாசியின் வழவழப்புதான். சுவரில் மெத்தையாக இருப்பது இவை இரண்டிலிருந்தும் வேறான உயிர். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தண்டு போன்ற ஒன்றும், அதைச் சுற்றி அடுக்கிய இலை போன்றவையும் தெரியும். அது நிலத்தில் வாழும் செடி.

இந்தக் கூட்டத்துக்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் பிரையோஃபைட்டுகள். இதில் மூன்று பிரிவுகள் உண்டு. ஒன்று, சுவரிலும் பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் மாஸ். இரண்டு, தரையோடு தரையாகத் தட்டையாகப் படரும் லிவர்வர்ட். அதன் மடல் வடிவம் கல்லீரலை ஒத்திருந்ததால் அது ஈரல் நோய்க்கு மருந்தாகும் என்று பழைய ஐரோப்பியர் நம்பினார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மூன்று, கொம்புபோல நீண்ட வித்துப்பையை உயர்த்தும் ஹார்ன்வர்ட். உலகம் முழுவதும் ஏறத்தாழ 20,000 இனங்கள்; இந்தியாவில் மட்டும் 2,500க்கு மேல்.

இவற்றை வகுப்பில் அறிமுகப்படுத்தும்போது நாம் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? வேர் இல்லை, உண்மையான தண்டு இல்லை, உண்மையான இலை இல்லை, நீரைக் கடத்தும் குழாய்த்திசு இல்லை. நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் தொடங்கினேன். இருநூறு வகை விதையைக் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லும் ஓர் உழவரை, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ற ஒரே வரியில் பதிவேட்டில் எழுதி முடிப்பது போன்றது இது. எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் அந்த வரியில் இல்லை. ஓர் உயிரை அதனிடம் இல்லாதவற்றின் பட்டியலால் அறிமுகப்படுத்தினால், அதனிடம் இருப்பதைப் பார்க்கும் கண்ணை மாணவரிடமிருந்து முதல் நாளிலேயே பறித்துவிடுகிறோம்.

எண்ணெய் ஏறும் வழி

தென்னைமரம் அறுபது எழுபது அடி உயரத்துக்கு நீரை ஏற்றுகிறது. அதற்கான வழி சைலம் என்னும் திசு. சைலத்தின் நீர்க்குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. உயிர்ப்பொருள் கரைந்து வெறும் சுவர் மட்டும் எஞ்சும். அந்தச் சுவரில் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் ஏறியிருக்கும். மேலே இலைகள் நீரை ஆவியாக்க ஆக்க, கீழிருந்து நீர் இழுக்கப்படுகிறது. கெட்டியான பழச்சாற்றை மெல்லிய ஸ்ட்ராவால் வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறது அல்லவா? மரத்தின் குழாய் அப்படி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது லிக்னின்தான். அதே லிக்னின் மரத்தை நிமிர்த்தியும் வைக்கிறது.

மாஸ் செடியில் அந்த லிக்னின் ஏறிய குழாய் இல்லை. அப்படியானால் நீர் எப்படி ஏறுகிறது? அகல் விளக்கைப் பாருங்கள். திரிக்குள் குழாய் எதுவும் இல்லை. ஆனாலும் நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்துகள் வழியாக எண்ணெய் சுடர்வரை ஏறுகிறது. பெரும்பாலான மாஸ் செடிகள் திரிகள். தண்டுக்கும் அதைத் தழுவி நிற்கும் இலையடிக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கிறது. நீர் அதன் வழியே செடியின் வெளிப்பக்கமாகவே ஏறுகிறது. எங்கள் சுவரில் இருந்தது ஹையோஃபிலா இன்வொலூட்டா. தென்னிந்திய நகரங்களில் சுண்ணாம்பும் சிமென்ட்டும் பூசிய சுவர்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மாஸ். அதன் இலையின் மேற்பரப்பில் ஒவ்வொரு செல்லும் சிறு மேடாகப் புடைத்திருக்கும். மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் நீர் பரவும் வாய்க்கால்கள்.

நரம்புப் பகுதியை விட்டால் அந்த இலையின் தடிமன் ஒரே ஒரு செல். நம் மாவிலையில் மேல்தோல், கீழ்த்தோல், நடுவே பல அடுக்கு. இங்கே ஒரே அடுக்கு. ஒவ்வொரு செல்லும் காற்றையும் நீரையும் இருபுறமும் நேரடியாகத் தொடுகிறது. ஆகவே வேர் உறிஞ்சி, குழாய் கடத்தி, இலைக்குப் பகிர்ந்துகொடுக்கும் ஏற்பாடு அதற்குத் தேவைப்படவில்லை. உடல் முழுவதும் வாய்.

இதற்கு ஒரு விலை உண்டு. நீரைப் பிடித்துவைக்கும் கெட்டியான தோல் இல்லாததால், சுவர் காய்ந்தால் செடியும் சேர்ந்து காய்கிறது. ஆனால் சாவதில்லை. உடலின் நீர் உலர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனாலும் பல மாஸ் இனங்கள் உயிரோடு இருக்கும். செல்லுக்குள் நிறைந்திருக்கும் சர்க்கரைகளும் சிலவகைப் புரதங்களும் படலங்கள் ஒட்டிச் சிதையாமல் தாங்குகின்றன. நீர் கிடைத்ததும் சேதங்களைச் சரிசெய்யும் வேலை தொடங்குகிறது. மரம் வறட்சியோடு போராடுகிறது. மாஸ் வறட்சிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. இரண்டுமே பிழைக்கும் வழிகள்.

திரிக்கு உள்ளே

திரி என்று சொன்னதால் உள்ளே ஒன்றுமில்லை என்று எண்ணவேண்டாம். தண்டின் நுனியில் ஒரே ஒரு செல் தலைமை தாங்குகிறது. பெரும்பாலான மாஸ் இனங்களில் அது தலைகீழாக நிறுத்திய முக்கோணக் கோபுரம்போல மூன்று பக்கங்களில் மாறிமாறிப் புதுச் செல்களைப் பிரித்துத் தரும். ஃபிசிடென்ஸ் என்ற மாஸில் அந்த நுனிச்செல் இரண்டு பக்கங்களில் மட்டும் பிரித்துத் தருகிறது. அதனால் அதன் இலைகள் இருபுறமும் தட்டையாக, சின்னஞ்சிறு இறகுபோல அமைகின்றன. ஈரமண்ணில் ஃபிசிடென்ஸைப் பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லின் பழக்கத்தைக் கண்ணால் பார்க்கிறோம்.

கீழே வேருக்குப் பதிலாக வேரிகள் இருக்கின்றன. பல செல்கள் கோத்த, கிளைத்த பழுப்பு இழைகள் அவை. குறுக்குச் சுவர்கள் சாய்வாக நிற்கும். முதன்மை வேலை பற்றிக்கொள்வது. ஆனால் பூக்கும் செடியின் வேரிலுள்ள தூவிகளை உருவாக்கும் அதே குடும்பத்து மரபணுக்கள்தான் மாஸின் வேரிகளையும் உருவாக்குகின்றன என்பதை 2007ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உறுப்புகள் வேறு, அவற்றைச் செய்யும் கைவண்ணம் ஒன்று.

கொடைக்கானல் சாலையோரம் வெட்டிவிட்ட செம்மண் மேடுகளில் கரும்பச்சையாக, குட்டிச் சவுக்குக் கன்றுகள்போல நிற்கும் மாஸ் ஒன்று உண்டு. போகோனாட்டம் என்று பெயர். அதன் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் நீண்ட, மெல்லிய சுவர் கொண்ட, உயிரற்ற செல்களின் கற்றை தெரியும். இவை ஹைட்ராய்டுகள். உயிர்ப்பொருளை இழந்து நீருக்கு வழிவிட்ட செல்கள். லிக்னின் மட்டும் ஏறவில்லை. அவற்றையொட்டி, உணவைக் கடத்தும் லெப்டாய்டுகள் என்ற உயிருள்ள செல்கள். குழாயற்ற தாவரம் என்று நாம் பெயரிட்ட உடலின் நடுவில் இப்படி ஒரு கடத்துத் திசு! இந்த வம்சத்தைச் சேர்ந்த டாசோனியா ஆஸ்திரேலியா, நியூகினி பகுதிகளில் அரை மீட்டர் உயரம்வரை வளர்கிறது.

2014ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பூக்கும் செடியில் சைலக் குழாயாக வேண்டிய செல்லுக்கு இறக்க ஆணையிடும் மரபணுக் குடும்பத்தின் உறவினர்கள் ஃபிஸ்கோமிட்ரெல்லா என்ற மாஸிலும் உள்ளன. அவற்றை முடக்கினால் ஹைட்ராய்டுகள் ஒழுங்காக உருவாவதில்லை. நீருக்கு வழிவிடத் தன்னைக் கரைத்துக்கொள் என்று ஒரு செல்லுக்குச் சொல்லும் கட்டளை, தென்னைக்கும் சுவர்ப் பாசிக்கும் பொதுவான பழஞ்சொத்து.

இன்னும் இரண்டு இலைகளைச் சொல்லவேண்டும். தென்னை, பனை மரங்களின் அடியில் வெண்பச்சையாகக் குஷன்போல ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆக்டோபிளெஃபரம் ஆல்பிடம். அதன் இலை தடிமனானது; நடுவில் ஓர் அடுக்குப் பச்சைச் செல்கள், அதன் மேலும் கீழும் உயிரற்ற பெரிய வெள்ளைச் செல்கள். இட்லித் துணிக்கு நடுவே வைத்த வெற்றிலைபோல அந்தப் பச்சை அடுக்கு ஈரம் காயாமல் இருக்கிறது. இதே வேலைப்பங்கீட்டைக் குளிர்நாட்டுச் சதுப்புகளின் ஸ்ஃபேக்னம் வேறுவிதமாகச் செய்கிறது. ஒரே அடுக்கில் ஒடுங்கிய பச்சைச் செல்களும், துளையிட்ட பெரிய வெற்றுச் செல்களும் வலைபோலப் பின்னிக் கிடக்கும். தன் உலர் எடையைப்போல் இருபது மடங்கு அளவுக்கு நீரைத் தாங்கும். முதல் உலகப்போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காயங்களுக்குக் கட்டுப்போட இதைப் பயன்படுத்தினார்கள். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்று விழுக்காடே உள்ள பீட் சதுப்புகள், மண்ணில் தேங்கிய கார்பனில் மூன்றில் ஒரு பங்கு அளவைத் தாங்கி நிற்கின்றன. வடக்குச் சதுப்புகளில் அதன் பெரும்பகுதியை உருவாக்கியது இந்தச் சிறுசெடிதான்.

கேரட்டுக்குள் வைத்து வெட்டிய மடல்

இப்போது லிவர்வர்ட்டுக்கு வருகிறேன். என் பணிக்காலத்தில் என்னை அதிகம் மகிழ்வித்தது மார்க்கான்ஷியாவின் குறுக்குவெட்டு. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஷான் மார்ஷான் தம் தந்தையின் நினைவாக வைத்த பெயர் அது. கேரட் துண்டைப் பிளந்து, ஈர மடலை அதற்குள் செருகி, புது பிளேடால் மெல்லிய சீவல்களாக வெட்டவேண்டும். வாட்ச் கிளாஸ் தண்ணீரில் மிதக்கும் சீவல்களில் எது மிக மெல்லியதோ அதைத் தூரிகையால் எடுத்து, ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம், ஒரு சொட்டு கிளிசரின், மேலே கவர்ஸ்லிப். பத்தில் ஒன்றுதான் சரியாக அமையும். அந்த ஒன்றுக்காக மூன்று மணி நேர லேப் முழுவதும் போனாலும் நஷ்டமில்லை.

வெட்டு அமைந்துவிட்டால் தெரிவது ஒரு மாளிகை. மேலே ஒற்றைச் செல் அடுக்கிலான கூரை. கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அறைகளுக்கு இடையே சுவர்கள். ஒவ்வோர் அறையின் கூரையிலும் பீப்பாய் வடிவில் ஒரு புகைபோக்கி. வளையம் வளையமாக அடுக்கிய செல்களால் கட்டியது. அறையின் தரையிலிருந்து இரண்டு மூன்று செல் உயரத்துக்குப் பச்சை இழைகள் எழுந்து நிற்கும். ஒளிச்சேர்க்கையின் பெரும்பகுதி அங்கேதான். லால்பாகில் 1889ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளி புகும் கூரை, காற்றோட்டம், உள்ளே வரிசையாகப் பசுந்தொட்டிகள். அந்தக் கட்டடத்தை இந்த மடல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் கட்டி வைத்திருக்கிறது. புகைபோக்கியின் விளிம்பு நீரை ஒட்டவிடாது. மழை கொட்டினாலும் அறைக்குள் வெள்ளம் புகாது. காற்று மட்டும் போய்வரும். மாவிலையின் இலைத்துளைபோலத் திறந்து மூடும் காவற்செல்கள் இங்கே இல்லை. வேலை ஒன்றுதான், அதைச் செய்யும் கட்டுமானம் வேறு.

அறைகளுக்குக் கீழே நிறமற்ற பல அடுக்குச் செல்கள், மாவுச்சத்துக் கிடங்கு. இடையிடையே சில செல்களில் ஒரே பெரிய எண்ணெய் மணி பளபளக்கும். இப்படி ஒரு படலத்தால் சூழ்ந்த எண்ணெய்மணி லிவர்வர்ட்டுகளுக்கே உரியது. பூச்சிகள் கடிக்காமல் காப்பது அதன் வேலை; சில இனங்களைக் கசக்கினால் எழும் வாசனையும் அதிலிருந்து வருவதே.

மடலின் அடியில் இரண்டு வகை வேரிகள். ஒன்று வழவழப்பான சுவர் கொண்டது, உயிருள்ளது. மற்றொன்றின் உட்சுவரில் முளைமுளையாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தேர்வில் இந்த இரண்டையும் வரைந்து பெயரெழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எதற்காக இரண்டு என்று நாங்கள் கேட்டதில்லை. முளை கொண்ட வேரிகள் வேலைக்கு வரும்போதே இறந்துவிட்டவை. கற்றையாகச் சேர்ந்து மடலின் அடியில் திரிபோல ஓடி நீரைக் கடத்துகின்றன. காயும்போது சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் அந்த முளைகள் தாங்கிப் பிடிக்கும். மறுபடி நீர் வந்தால் பாதை திறந்தே இருக்கும். தென்னையின் குழாயில் லிக்னின் செய்யும் தாங்கும் வேலையை இங்கே வெறும் முளைகள் செய்கின்றன.

மேற்பரப்பில் விளிம்பு பல்போல வெட்டுண்ட சிறு கிண்ணங்கள் இருக்கும். உள்ளே பச்சைப் பொட்டுகள்போல, புதுச் செடியாக வளரக்கூடிய ஜெம்மாக்கள். மழைத்துளி கிண்ணத்தில் விழுந்தால் அவை தெறித்து வெளியே போய் விழும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று விழும்வரை அவற்றுக்குத் தீர்மானம் கிடையாது. இரு முகமும் ஒன்றே. ஒளி படும் முகம் மேலாகிறது; மறுமுகத்தில் வேரிகள் இறங்குகின்றன.

மழைக்குப் பின் வெற்று ஈரமண்ணில் கவைகவையாகப் பிரிந்து ரோஜாப்பூ வட்டமாக ஒட்டிக்கிடக்கும் ரிக்ஸியாவில் இந்த மாளிகை சுருங்கி, செங்குத்தான பச்சைச் செல் வரிசைகளும் அவற்றுக்கிடையே ஒடுங்கிய காற்றுச் சந்துகளும் மட்டுமே எஞ்சும். ஹார்ன்வர்ட்டின் மடல் இன்னும் எளிது. பல இனங்களில் செல்லுக்கு ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம்தான். ஆனால் அதன் வழவழப்பு அறைகளில் நாஸ்டாக் என்ற நீலப்பசும்பாசி குடியிருந்து, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொடுக்கிறது. வாடகைக்கு உரம்.

தாயின் மேல் நிற்கும் பிள்ளை

இதுவரை சொன்ன பச்சை உடல் ஒரு தலைமுறை மட்டுமே. இதன் செல்களில் குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதி. இதில் உருவாகும் ஆண் செல், நீர்ப்படலத்தில் நீந்திப்போய் முட்டைச் செல்லை அடைகிறது. கருவுற்றபின் பிறக்கும் அடுத்த தலைமுறை தனியே போகாது. தாயின் உடலிலேயே நின்று வளரும். மாஸ் மெத்தையின் மேல் மயிரிழைக் காம்பில் நிற்கும் சிறு குடுவையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பிள்ளை. இந்த இருதலைமுறைச் சுழற்சியைத் நிலத்தாவரங்களுக்குப் பொதுவான விதியாக 1851ல் நிறுவியவர் ஜெர்மனியின் ஹோஃப்மைஸ்டர். அவர் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அல்லர். குடும்பத்தின் இசைநூல் கடையைப் பார்த்துக்கொண்டே நுண்ணோக்கியில் அமர்ந்தவர்.

பிள்ளையின் பாதம் தாயின் திசுவுக்குள் புதைந்திருக்கும். இருவரும் தொடும் எல்லையில் உள்ள செல்களின் சுவர்கள் உள்நோக்கிக் கொடிகொடியாக மடிந்து பரப்பைப் பெருக்கிக்கொள்கின்றன. அந்த மடிப்புகள் வழியாகத் தாயின் சர்க்கரை பிள்ளைக்குப் போகிறது. நஞ்சுக்கொடி செய்யும் வேலைதான். தாவரவியலும் அதற்குத் தாய்சேய் இணைப்பின் பெயரையே சூட்டியிருக்கிறது.

ஃபியுனேரியா என்ற மாஸின் குடுவையை எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்த நிலத்தில் முதலில் வந்து குடியேறும் செடிகளில் ஒன்று அது. அதன் காம்பு ஈரத்துக்கு ஏற்ப முறுக்கிக்கொள்ளும், அவிழும். குடுவையின் கழுத்தில் உண்மையான இலைத்துளைகள் உண்டு. இரண்டு காவற்செல்கள் ஒன்றாகக் கலந்து, வடைபோல நடுவில் துளையோடு நிற்கும். வாயில் வெளி வளையத்தில் 16 பற்கள், உள் வளையத்தில் 16. காற்று உலர்ந்தால் பற்கள் அசைந்து ஸ்போர்கள் என்னும் நுண்வித்துகள் சிறிது சிறிதாக வெளியேறும். ஒரே நாளில் கொட்டிவிடாமல், நல்ல காற்று பார்த்து அளந்து கொடுக்கும் வாயில் அது.

எளிமை எங்கிருந்து வந்தது

இத்தனை எளிய உடல்களைப் பார்த்தவுடன், இவை தொடக்கநிலையிலேயே நின்றுவிட்டவை என்ற எண்ணம் எளிதில் வரும். ரிக்ஸியாதான் பழையது, மார்க்கான்ஷியா அதிலிருந்து வளர்ந்தது என்பது ஒரு காலத்தில் பலரும் ஏற்ற வரிசை. அதை மறுத்தவர் லாகூரில் பேராசிரியராக இருந்த சிவ ராம் கஷ்யப். இந்தியப் பிரையோஃபைட்டு ஆய்வின் தந்தை என்று நாம் மதிக்கும் அவர், மேற்கு இமயத்தின் லிவர்வர்ட்டுகளைப் பல்லாண்டு நடந்து திரட்டி, 1929லும் 1932லும் இரண்டு பாகங்களாக நூல் எழுதினார். இமயச் சரிவில் ஒரு குடும்பத்துச் செடிகளை வரிசைப்படுத்திப் பார்த்தவர், இந்த எளிமை தொடக்கம் அன்று, குறைத்துக் குறைத்து வந்து சேர்ந்த இடம் என்று வாதிட்டார். சிக்கலான அறைகளையும் உறுப்புகளையும் தேவையற்ற இடத்தில் விட்டுவிட்டு, ரிக்ஸியா தன்னைச் சுருக்கிக்கொண்டது என்பது அவர் கருத்து.

ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டவர்கள், இன்னும் பெரிய அளவில் அதே திசையில் வந்து நிற்கிறார்கள். மாஸ், லிவர்வர்ட், ஹார்ன்வர்ட் மூன்றும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்றும், லிவர்வர்ட்டுகள் ஒருகாலத்தில் தங்களுக்கு இருந்த இலைத்துளைகளை இழந்தவை என்றும் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு 2020ல் காட்டியது. நிலத்துக்கு வந்த முதல் செடி நாம் நினைத்ததைவிடச் சிக்கலானது. பிரையோஃபைட்டுகள் பலவற்றை இழந்து, தங்கள் வழியில் தேர்ந்தவை. பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது எதை எடுத்துக்கொள்வது என்பதைவிட எதை விட்டுச்செல்வது என்பதில்தான் அனுபவம் தெரியும்.

இந்த இடத்தில் நம் பக்கத்து உழைப்பையும் சொல்லவேண்டும். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஃபோரோ, பழனி மலைகளின் மாஸ் இனங்களைத் தேடித் தொகுத்தார். அவருடைய பட்டியல் 1961ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. பழனி மலையின் மாஸ்களைத் தேடிப் போகிறவர் இன்றும் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

ஒரு சுவரில் ஓர் ஊர்

பெங்களூருக்குத் திரும்புவோம். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் பாசி படர்ந்த ஒரு சுவர். அங்கிருந்து எடுத்த மாஸை ஆய்வகத்தில் பிழிந்து பார்த்தவர்கள் சந்தீப் ஈஸ்வரப்பாவும் அவருடைய குழுவினரும். உள்ளே நீர்க்கரடி என்னும் நுண்ணுயிர்கள் இருந்தன. எட்டுக்கால், அரை மில்லிமீட்டர் உடல். கிருமிகளைக் கொல்லப் பயன்படும் புறஊதா ஒளியை அவற்றின்மீது காட்டினார்கள். மற்றொரு வகை நீர்க்கரடி கால் மணி நேரத்தில் தாக்குண்டு, ஒரே நாளில் இறந்துபோகும் அளவு அது. இந்தச் செம்பழுப்பு நிற உயிர்கள் தாங்கி நின்றன. அவற்றின் உடலிலுள்ள ஒரு பொருள் புறஊதாவை உறிஞ்சித் தீங்கில்லாத நீல ஒளியாக வெளிவிடுவதை 2020ல் பயாலஜி லெட்டர்ஸ் இதழில் அறிவித்தார்கள். அந்த வகைக்கு வைத்த அடையாளத்தில் பெங்களூரின் பெயர்ச் சுருக்கம் இருக்கிறது: பாராமேக்ரோபயோட்டஸ் பிஎல்ஆர்.

அந்த உயிர் ஏன் மாஸுக்குள் இருந்தது? நான் இதுவரை சொன்ன உடலமைப்புதான் விடை. இலைக்கும் தண்டுக்கும் இடையில் நீர் ஏறும் அதே மயிரிழைச் சந்துகள் அவற்றுக்குக் குளம், தெரு, வீடு. மாஸ் காயும்போது அவையும் காய்ந்து உருண்டுகொள்ளும். மாஸ் நனையும்போது அவையும் நடக்கும். செடி நீரைத் தன் உடலுக்கு வெளியே வைத்திருப்பதால், அந்த நீர் மற்றவர்களுக்கும் பொதுவாகிறது. மரம் நீரைத் தன் குழாய்க்குள் பூட்டி வைக்கிறது. மாஸின் நீர் ஊருணி நீர்.

லால்பாகில் கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பாறை 300 கோடி ஆண்டுப் பழமை உடையது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தது. ஆகஸ்ட் மாதம் சுதந்திர தின மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் கண்ணாடி மாளிகையை நோக்கி நகரும்போது, அந்தப் பாறையின் இடுக்குகளில் மாஸ் பச்சை கட்டியிருக்கும். நிலத்தில் செடிகள் தோன்றி ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த முதல் செடிகள் விட்டுச்சென்ற ஸ்போர்கள் பாறைகளில் கிடைக்கின்றன. இடுக்கில் தூசியைப் பிடித்து, ஈரத்தை நிறுத்தி, அடுத்துவரும் புல்லுக்கு ஒரு சிட்டிகை மண் சேர்த்துக் கொடுக்கும் அந்தப் பழைய வேலையை மாஸ் இன்றும் நம் கண்ணெதிரே அதே பாறையில் செய்துகொண்டிருக்கிறது.

மூன்று வேண்டுகோள்கள்

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட்டிலில் ஊறிப்போன பழைய மாதிரியை மட்டும் காட்டிப் படம் வரையச் சொல்லாதீர்கள். கல்லூரிச் சுவரிலிருந்து ஒரு நகக்கண் அளவு போதும். முதலில் உலர்ந்ததைக் காட்டுங்கள், பிறகு ஒரு சொட்டு விடுங்கள். என்ன இல்லை என்ற பட்டியலைக் கடைசி வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று. இமயத்தின் குமாவுன் போன்ற மலைப்பகுதிகளில் மரங்களிலிருந்து மாஸை மூட்டை மூட்டையாக உரித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். உரித்த இடம் மீண்டும் மூடப் பல ஆண்டுகள் ஆகும். கொடி ஏற்றும் கம்புக்குத் தேங்காய் நார் போதும். மாஸ் வாங்கத்தான் வேண்டுமென்றால், எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

எல்லோரிடமும் ஒன்று. சுவரைச் சுத்தம் செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்துக்கு ஈரம் ஆகாது என்பதை நானும் அறிவேன். வெயில் படாத ஒரு மூலையில், தோட்டத்துக் கல்லில், கிணற்றடியில் ஒரு முழம் விட்டுவையுங்கள். பெயின்ட் அடிக்க வந்த அந்தத் தம்பிக்கு நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு லென்ஸும்தான் கொடுத்தேன். மீதியை அவர் கண் செய்தது.

அவர் விட்டுவைத்த அந்த ஒரு முழத்திலிருந்து நகத்தால் கிள்ளிய சிறு கொத்துகளைக் கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்கு அருகில் உள்ள மேசையில் ஆறு தட்டுகளில், ஆறு வாரமாக உலர்ந்த நிலையில் இருக்கின்றன. பக்கத்தில் லென்ஸும் சொட்டுக்குழாயும் உள்ளன. மாணவர்கள் முதலில் வாருங்கள். ஒருவர் சொட்டு விடட்டும், மற்றவர்கள் குனிந்து பாருங்கள். பார்த்து முடித்தபின் அவற்றைச் சுவருக்கே கொண்டுபோய் வைத்துவிடுவேன்.